பெல்ட்டை யார் பார்த்தது? மன்ஹாட்டன் டவர் கிரேன் விபத்து, 2008

கிரேன் விழுந்தது என்று செய்தி வந்தால் ரிக்கிங் வேலையில், அதாவது சுமையைக் கட்டித் தூக்கும் வேலையில், இருப்பவர்கள் மனதில் முதலில் எழும் கேள்வி, போனது கிரேனா கட்டா என்பதுதான். தூக்குகிற யந்திரம் முறிந்ததா, இல்லை சுமையைப் பிடித்திருந்த பெல்ட், வயர் ரோப், ஷாக்கிள் மாதிரியான கட்டுச் சாமான் அறுந்ததா என்று அர்த்தம். 2008இல் நியூயார்க்கில் நடந்த இந்த விபத்தில் முதலில் போனது கட்டு. சுமார் 200 அடி உயரமுள்ள கிரேன் அதற்குப் பின்னால்தான் சாய்ந்தது. ஏழு பேர் செத்துப்போனார்கள். ஆறு பேர் கட்டுமானத் தொழிலாளர்கள். ஏழாவது ஆள் அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த பெண்.

இந்த விபத்தைப் பற்றி அப்போது வந்த செய்திகளில் பொய்ப் பதிவேடும் லஞ்சமும் ராஜினாமாவும்தான் பெரிதாக இருந்தன. எல்லாம் நடந்ததுதான். நான் இதைத் திரும்பத் திரும்பப் படிப்பதற்குக் காரணம் வேறு. அந்தக் கிரேனுக்கு அனுமதி இருந்தது, புகார் வந்திருந்தது, முந்தின நாள்கூட ஆய்வு நடந்திருந்தது. இத்தனையும் சுற்றிச் சுற்றி வந்து, கடைசி நேரத்தில் சுமையைத் தாங்கிய நாலு பெல்ட்டை மட்டும் தொடாமலே போயின.

சனிக்கிழமை மதியம்

2008 மார்ச் 15. மன்ஹாட்டனில் கிழக்கு 51ஆம் தெரு, 303ஆம் எண் மனை. 43 மாடிக்குத் திட்டமிட்ட குடியிருப்புக் கட்டடம் பதினெட்டு, பத்தொன்பது மாடி வரை எழும்பியிருந்தது. பக்கத்தில் நின்றது ஃபவெல் ஃபாவ்கோ நிறுவனத்தின் டவர் கிரேன். ஆஸ்திரேலியாவில் தொடங்கிய நிறுவனம் அது. இதே நியூயார்க்கில் பழைய உலக வர்த்தக மையத்தைக் கட்டியபோது, கட்டடத்தோடு சேர்ந்து தானும் ஏறிய ஃபாவ்கோ கிரேன்களை அந்த ஊர்க்காரர்கள் கங்காரு கிரேன் என்று கூப்பிட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, தாவித் தாவி ஏறுகிறது, வேறு என்ன பேர் வைப்பார்கள்!

அன்றைக்கும் நடந்துகொண்டிருந்தது அந்தத் தாவல் வேலைதான். கட்டடம் உயர உயர டவர் கிரேனின் கோபுரத்தில் புதுத் துண்டுகளைச் செருகி உயர்த்துவார்கள். இதை ஜம்ப் என்பார்கள். ஒரு உயரத்துக்கு மேல் கோபுரம் தன்னந்தனியாக நிற்காது, அங்கங்கே கட்டடத்தோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடிப்பதற்குக் கோபுரத்தைச் சுற்றிப் போடும் எஃகுச் சட்டத்துக்குக் காலர் என்று பெயர். சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றி வருவது மாதிரியேதான். இரண்டு பாதியாக ஏற்றி, கோபுரத்தைச் சுற்றிச் சேர்த்து போல்ட் போட்டு, அதிலிருந்து கட்டடத்துக்கு எஃகு பீம்கள் கொடுப்பார்கள். இந்த சைட்டில் 3ஆம் மாடியில் ஒன்று, 9ஆம் மாடியில் ஒன்று ஏற்கெனவே இருந்தன. அன்று 18ஆம் மாடி உயரத்தில் மூன்றாவதைப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

காலரின் எடை சுமார் 11,200 பவுண்டு. நம் கணக்கில் 5 டன்னுக்குக் கொஞ்சம் மேல், ஒரு பெரிய கொம்பன் யானை அளவு. பீம் போட்டு முடிக்கிற வரைக்கும் இந்த யானையை எதிலாவது தொங்கவிட்டுத்தான் ஆக வேண்டும். கோபுரத்தின் கால்களிலேயே நாலு பாலியஸ்டர் பெல்ட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

மதியம் இரண்டேகால் தாண்டி, காலரைக் கட்டடத்தோடு இணைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது பெல்ட் அறுந்தது. காலர் கோபுரத்தை ஒட்டியே சறுக்கி இறங்கி 9ஆம் மாடிக் காலர்மேல் விழுந்தது. அதன் பிடியும் விட்டுப்போனது. அதற்கு மேல் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கிரேன் தெற்குப் பக்கமாகச் சாய்ந்து, 51ஆம் தெருவைத் தாண்டி எதிர்க் கட்டடத்தில் மோதியது. மேல் பாகம் உடைந்து அதையும் தாண்டிப் போய் 50ஆம் தெருவில் இருந்த ஒரு நாலு மாடி வீட்டை நொறுக்கியது.

காலரின் மேல் காலர் விழுந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். நிலையாகப் போட்டிருந்த 9ஆம் மாடிப் பிடியை வடிவமைத்தவர்கள் காற்றுக்கும் கிரேனின் இழுப்புக்கும் கணக்குப் போட்டிருப்பார்கள். மேலிருந்து 5 டன் இரும்பு வந்து இறங்கும் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. போடவும் முடியாது. ஒரு மதியத்துக்காக மட்டும் கட்டிய தற்காலிகக் கட்டு, மாசக்கணக்கில் நின்ற நிரந்தரப் பிடியைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது.

நாலு பெல்ட்டின் கதை

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். விசாரணை எல்லாம் வந்து முட்டிய இடம் இதுதான்.

கிரேன் தயாரித்தவர்கள் காலரை எட்டு இடங்களில், கைச் சங்கிலியை இழுத்து இறுக்கும் செயின் பிளாக் போட்டுத் தாங்கச் சொல்லியிருந்தார்கள் என்றும், இங்கே நாலு பெல்ட்டோடு வேலையை முடிக்கப் பார்த்தார்கள் என்றும் அரசுத் தரப்பு பின்னால் சொன்னது. எட்டுக்கு நாலு என்றதும் பாதி பலம்தான் குறைந்தது என்று தோன்றும். அவ்வளவோடு போகாது.

5,080 கிலோவை நாலால் வகுத்தால் ஒரு பெல்ட்டுக்கு 1,270 கிலோ. இப்படி வகுக்கக் கூடாது என்று ரிக்கர் வகுப்பில் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். விறைப்பான சுமையை நாலு காலில் தொங்கவிட்டால் நாலும் ஒரே நீளத்தில், ஒரே இழுப்பில் அமைவது அபூர்வம். சமமில்லாத தரையில் நாலு கால் மேசை ஆடுகிற மாதிரிதான். எதிரெதிரே இரண்டு கால் தாங்கும், மற்ற இரண்டும் பேருக்குத் தொட்டுக்கொண்டிருக்கும். அதனால் இரண்டு பெல்ட்டே முழு எடையையும் தாங்குவதாக வைத்துக் கணக்குப் போடுவது ஒரு வழக்கம். அப்படிப் போட்டால் ஒன்றுக்கு 2,540 கிலோ. செயின் பிளாக்கில் இந்தச் சிக்கலுக்கு வழி இருக்கிறது. எந்தக் கால் தொய்ந்திருக்கிறதோ அதன் கைச் சங்கிலியை இழுத்தால் அது இறுகும், காலரும் மட்டமாகும். பெல்ட்டுக்கு அந்த வசதி கிடையாது. கட்டினது கட்டினபடி.

கட்டுகிற விதமும் சேர்ந்துகொள்ளும். பெல்ட்டை எதையாவது சுற்றித் தன் முனையில் இருக்கும் கண், அதாவது வளையம், வழியாகவே நுழைத்துச் சுருக்குப் போட்டால், அதாவது சோக்கராகப் போட்டால், அதன் திறனில் நாலில் ஒரு பங்கு வரை போய்விடும். சாய்வாக இழுத்தால் இன்னும் போகும். கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் இழுவிசை 1.15 மடங்கு, 45 டிகிரியில் 1.41, 30 டிகிரியில் இரண்டு மடங்கு. பெல்ட் படுக்கப் படுக்கச் சுமை கனக்கும் என்று பாரம் தூக்கும் அனுபவசாலி கலாசிக்கு அட்டவணை இல்லாமலே தெரியும்.

இத்தனைக்கும் இடம் வைத்துத்தான் பெல்ட்டைச் செய்கிறார்கள். அமெரிக்காவில் செயற்கை இழை பெல்ட்டுக்குப் பாதுகாப்புக் காரணி ஐந்து. பெல்ட்டில் தைத்திருக்கும் சீட்டில் 2 டன் என்று போட்டிருந்தால், புதுசாக இருக்கும்போது 10 டன் வரை அறுந்துவிடக் கூடாது. ஐரோப்பியத் தரத்தில் ஏழு மடங்கு. நம் சைட்டுகளில் கிடக்கிற வண்ண வண்ண பெல்ட் எல்லாம் பெரும்பாலும் அந்த ஐரோப்பிய வண்ணக் கணக்கில் வருபவை: வயலட் ஒரு டன், பச்சை இரண்டு, மஞ்சள் மூன்று, சாம்பல் நாலு, சிவப்பு ஐந்து. சரி, ஐந்து மடங்கு இருப்பு வைத்துச் செய்த சாமான் அறுகிறது என்றால், அந்த ஐந்தையும் எதுவோ தின்றிருக்க வேண்டும்.

தின்றவை இரண்டு. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா இந்த விபத்தை விசாரித்தது. கோபுரக் காலின் கூரான விளிம்பில், இடையில் எதையும் கொடுக்காமல், பெல்ட் நேரடியாகப் பதிந்திருந்தது என்று அதன் விசாரணை சொன்னது. இழுவிசையில் இருக்கும் பெல்ட்டுக்கு எஃகு விளிம்பு அரிவாள்மணை மாதிரி. அரிவாள்மணை அசையாது, காய்தான் அதன்மேல் அழுந்தும். காலரை மட்டம் பார்க்க அப்படி இப்படி நகர்த்தும்போது ஒவ்வொரு அசைவுக்கும் சில இழைகள் போகும். பாலியஸ்டரும் நைலானும் இழுப்பதற்குப் பலம், அறுப்பதற்கு ஒன்றுமில்லை. இதற்கு மருந்து ரொம்ப மலிவு. விளிம்புக்குப் போடவென்றே கார்னர் பேட் விற்கிறார்கள். அது இல்லாத சைட்டில் ரப்பர் ஹோஸைக் கிழித்து வைப்பார்கள், சாக்கை நாலாக மடித்துக் கொடுப்பார்கள்.

இரண்டாவது, பெல்ட்டின் வயசு. நாலில் ஒன்று ஏற்கெனவே நைந்து, நிறம் வெளுத்துப் போனது என்று அரசுத் தரப்பு சொன்னது. வெளுப்பு என்பது அழகுப் பிரச்சினை இல்லை. வெயிலில் கிடந்து நிறம் போகும்போது இழையின் பலமும் கூடவே போகிறது. கையில் எடுத்தால் தெரியும். நல்ல பெல்ட் வழவழவென்று வளையும். வெயில் தின்ற பெல்ட் காய்ந்த பனையோலை மாதிரி விறைப்பாக, ஓரங்களில் பொசுபொசுவென்று முடி கிளம்பியிருக்கும்.

நான் ஒரு சைட்டில் பெல்ட் வைத்திருந்த கண்டெய்னருக்குள் போய்ப் பார்த்திருக்கிறேன். ஊர் பேர் வேண்டாம். முப்பதுக்கு மேல் தொங்கின. சீட்டு முழுசாக இருந்தது பாதிகூட இல்லை. சீட்டு கிழிந்துபோன பெல்ட்டை அந்த நிமிஷமே ஒதுக்க வேண்டும், எத்தனை டன், எப்போது சோதித்தது எதுவும் தெரியாது என்பதால். ஸ்டோர்காரரைக் கேட்டேன். "சீட்டு பெயிண்ட் அடிக்கறப்ப கெட்டுப்போகுதுன்னு கிழிச்சி பத்திரமா வச்சிருக்கேண்ணே" என்று ஒரு கவர் நிறையச் சீட்டுகளை எடுத்துக் காட்டினார். எது எந்த பெல்ட்டின் சீட்டு என்று கேட்டதற்குச் சிரித்தார்.

நகரத்தின் கண்

இப்போது மேற்பார்வைக்கு வருவோம். நியூயார்க்கில் கட்டடங்களுக்கென்று தனித் துறை இருக்கிறது, அதற்குள் கிரேன்களைப் பார்க்கத் தனிப் பிரிவு இருக்கிறது, ரிக்கிங் செய்பவருக்கு நகரம் உரிமம் தருகிறது. அன்று வேலையைச் செய்தவரும் உரிமம் உள்ள, அனுபவமுள்ள மாஸ்டர் ரிக்கர். போகிற வழியில் பிடித்துவந்த ஆள் இல்லை. இதை மறந்துவிட்டால் கதை சுலபமாகிவிடும்.

விபத்துக்குப் பதினோரு நாள் முன்னால், மார்ச் 4ஆம் தேதி, பக்கத்துப் பகுதியில் குடியிருந்த ஒருவர் நகரத்துக்குப் புகார் செய்திருந்தார். அவர் ஓய்வுபெற்ற கட்டட ஒப்பந்ததாரர். கிரேன் இவ்வளவு உயரம் போயும் மேல்பக்கம் கட்டடத்தோடு போதுமான பிடி இல்லையே என்பது அவர் கவலை. ஆய்வாளர் ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகப் பதிவேட்டில் இருந்தது. விபத்துக்குப் பிறகு விசாரித்தால், அவர் அங்கே போகவே இல்லை. பொய்ப் பதிவு செய்ததாக அவரைக் கைது செய்தார்கள்.

ஊர் கொதித்தது. கொதிக்காதா பின்னே. ஆனால் அப்போதே கட்டடத் துறை ஆணையர் பாட்ரிசியா லான்காஸ்டர் இன்னொரு விஷயத்தையும் சொன்னார்: மார்ச் 4ஆம் தேதி உண்மையிலேயே ஆய்வு நடந்திருந்தாலும் இந்த விபத்து தவிர்ந்திருக்க வாய்ப்பு குறைவு, ஏனென்றால் 15ஆம் தேதி போன பாகங்கள் 4ஆம் தேதி சைட்டிலேயே இல்லை. துறையைக் காப்பாற்றச் சொன்ன சாக்கு என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். சாக்காகவே இருக்கட்டும், உண்மையும்தான். பார்க்கப்போனால் இந்தச் சம்பவத்திலேயே எனக்குப் பயம் தருகிற வாக்கியம் அதுதான். நேர்மையான ஆய்வாளர் நேரத்துக்குப் போய் நாலு மணி நேரம் பார்த்திருந்தாலும் அந்த பெல்ட்டுகளைப் பார்த்திருக்க மாட்டார் என்றால், ஆய்வு என்ற ஏற்பாடே இந்த ஆபத்தின் பக்கம் திரும்பாமல் இருந்தது என்றுதானே அர்த்தம்?

முந்தின நாள் வெள்ளிக்கிழமை நடந்ததும் அதே கதைதான். ஜம்புக்கு முன்னால் நகர ஆய்வாளர் கிரேனைப் பார்த்தார், மீறல் எதுவும் எழுதவில்லை. அந்த சைட்டின்மேல் இரண்டே கால் வருஷத்தில் 13 மீறல்கள் பதிவாகியிருந்தன. இந்த அளவு வேலைக்கு அது சாதாரணம் என்று மேயர் ப்ளூம்பெர்க் சொன்னார். அவர் சொன்னதும் தப்பில்லை. பதிமூன்றும் வேறு வேறு விஷயங்கள், பெல்ட்டைப் பற்றி எண்ணிக்கை எதையும் சொல்லாது.

ஏப்ரலில் லான்காஸ்டர் ராஜினாமா செய்தார். மே 30ஆம் தேதி, முதல் விபத்து நடந்து பதினோரு வாரத்தில், 91ஆம் தெருவில் இன்னொரு டவர் கிரேன் விழுந்து இரண்டு பேர் செத்தார்கள். அது முழுக்க வேறு வகை. கிரேனின் சுழலும் மேசையில் பழுது பார்த்துப் போட்ட வெல்டிங் விட்டுப்போனது. ஜூனில் துறையின் தலைமைக் கிரேன் ஆய்வாளரே லஞ்ச வழக்கில் கைதானார். கிரேன்களைப் பார்க்காமலே பாஸ் போட்டது, இயக்குபவர் தேர்வுக்கு விடை கசியவிட்டது என்று குற்றச்சாட்டு. 2010இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். அவர் வழக்குக்கும் 51ஆம் தெரு விபத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் படிக்கிறவர் மனதில் எல்லாம் ஒன்றாகக் குழைந்து, லஞ்சத்தால் கிரேன் விழுந்தது என்று பதிந்துவிட்டது. இன்றைக்கும் அப்படிச் சொல்பவர்களைப் பார்க்கிறேன்.

விதி இல்லாமலா?

இருந்தது. ஓஷாவின் கட்டுமான விதிகளில் ரிக்கிங் சாமான்களுக்கென்றே ஒரு பிரிவு ரொம்பக் காலமாக உண்டு. ஒவ்வொரு ஷிஃப்டிலும் பயன்படுத்துவதற்கு முன் சாமானைச் சோதிக்க வேண்டும், குறை இருந்தால் ஒதுக்க வேண்டும். செயற்கை இழை பெல்ட்டில் அமிலம் பட்டுக் கருகியது, உருகல், கிழிசல், ஓட்டை, விட்டுப்போன அல்லது தேய்ந்த தையல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே நிறுத்த வேண்டும். தெளிவான தமிழில் எழுதி சைட் போர்டில் ஒட்டலாம், அவ்வளவு எளிமையான விதி.

இதில் சோதிக்கிறவரும் பயன்படுத்துகிறவரும் ஒரே ஆளாகவே இருந்துவிடலாம். அதுவே தப்பு என்று சொல்ல மாட்டேன். பெல்ட்டைக் கையில் பிடிக்கிறவரைவிட நன்றாகப் பார்க்கக்கூடியவர் யார்? ஆனால் அவருக்கு மேல் ஒரு கண் வேண்டாமா என்றால், வேண்டும். அதிலும் ஜம்ப் மாதிரி அன்றாடம் நடக்காத வேலையில். ஜம்ப் நாள் என்றால் தெருவை அடைப்பதற்கு அனுமதி, கொறித்துத் தின்கிற வாடகை, எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். செயின் பிளாக் எட்டு வரவில்லை, இன்றைக்கு நிறுத்துங்கள் என்று சொல்வதற்கு வேலை செய்பவருக்கு வாய் வராது. அதைச் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒருவர் அங்கே நிற்க வேண்டும்.

கிரேன் விதிகளின் கதை இன்னும் வேடிக்கை. ஓஷாவின் கட்டுமானக் கிரேன் விதிகள் 1971 காலத்தவை. புதுப்பிப்பதற்காக முதலாளிகள், தொழிற்சங்கங்கள், தயாரிப்பாளர்கள் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசி, 2004 ஜூலையில் வரைவை ஒப்புக்கொள்ளவும் செய்துவிட்டார்கள். எதிரெதிர்த் தரப்புகள் ஒத்துப்போன அந்தக் காகிதம் அலமாரியில் நாலு வருஷம் கிடந்தது. மன்ஹாட்டனில் இரண்டு கிரேன்கள் விழுந்த பிறகு, 2008 அக்டோபரில்தான் முறையான முன்மொழிவாக வெளிவந்தது. 2010 ஆகஸ்டில் இறுதி விதி, நவம்பரிலிருந்து அமல். பலமான எதிர்ப்பு இருந்து தாமதம் என்றால் புரிந்துகொள்ளலாம். இங்கே தாமதப்படுத்தியது சோம்பல்தான் என்பது என் அபிப்பிராயம்.

அந்தப் புது விதியில் 51ஆம் தெருவின் தடம் தெரிகிறது. கிரேனைப் பொருத்துவது, பிரிப்பது, ஏற்றுவது என்று எது நடந்தாலும் அதற்கு ஒரு இயக்குநர் நேரில் இருக்க வேண்டும். ஆபத்தை அடையாளம் காணவும் வேலையை நிறுத்தவும் அதிகாரம், அந்த வேலையில் அறிவும் அனுபவமும், இரண்டும் அவருக்கு இருக்க வேண்டும். ரிக்கிங்கைத் தகுதியுள்ள ரிக்கர் செய்ய வேண்டும். தகுதி என்பதற்கு அட்டை மட்டும் போதாது. ஒரு வகைச் சுமைக்குத் தகுதியானவர் இன்னொரு வகைக்குத் தகுதியில்லாதவராக இருக்கலாம் என்று ஓஷாவே விளக்கம் கொடுத்தது. செயற்கை பெல்ட் போட்டால் கூர் விளிம்பிலிருந்து அதைக் காப்பாற்ற வேண்டும், பெல்ட் தயாரித்தவரின் குறிப்புகளைப் பின்பற்ற வேண்டும் என்று தனியாக எழுதிச் சேர்த்தார்கள்.

நியூயார்க் நகரம் அதற்கும் முந்திக்கொண்டது. 2008லேயே சட்டம் போட்டு, அந்த ஊர்ப் பேச்சில் நைலான் பெல்ட் என்று சொல்லும் செயற்கைப் பட்டைகளை டவர் கிரேன் ஏற்றும் இறக்கும் வேலையில், கிரேன் தயாரித்தவரின் கையேடு அனுமதித்தால்தான் போடலாம் என்றது. போட்டாலும் கூர் விளிம்பில் மெத்தை கொடுத்தாக வேண்டும். ஜம்புக்கு முன் வேலையில் இருக்கும் எல்லாரையும் கூட்டிப் பேச வேண்டும், அந்தத் தொழிலாளர்களுக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்றும் கொண்டுவந்தார்கள். பெல்ட் என்ற சாமானின் பெயரைச் சட்டத்தில் எழுதியது முக்கியம். பொதுவாகப் பாதுகாப்பாக வேலை செய்க என்று எழுதினால் யாரும் எதையும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். பெல்ட் என்று எழுதினால் ஆய்வாளர் வந்து நின்றதும் கேட்கிற முதல் கேள்வி, கையேட்டில் எந்தப் பக்கம் என்பதாக இருக்கும்.

நீதிமன்றத்தில்

ரிக்கிங் ஒப்பந்ததாரர்மேல் மரணம் விளைவித்த குற்றம் உட்படப் பல குற்றங்கள் சாட்டப்பட்டன. ஜூரி வேண்டாம், நீதிபதி மட்டும் விசாரிக்கட்டும் என்று அவர் தரப்பு கேட்டது. 2010 ஜூலையில் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் அவர் விடுதலையானார். தற்காப்புத் தரப்பு வேறு பொறியியல் காரணங்களைக் காட்டியிருந்தது. பெல்ட் மட்டுமே காரணம் என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிறுவ முடியவில்லை.

இந்தத் தீர்ப்பை வைத்து ஓஷாவின் முடிவு தப்பு என்று வாதிடுவோர் உண்டு. இரண்டும் இரண்டு கேள்விகள். ஒரு ஆளைச் சிறைக்கு அனுப்பும் அளவுக்கு அவர் நெஞ்சறிந்து அலட்சியம் செய்தாரா என்பது நீதிமன்றத்தின் கேள்வி. அடுத்த சைட்டில் இது நடக்காமல் இருக்க எதை மாற்ற வேண்டும் என்பது விசாரணை அமைப்பின் கேள்வி. முதல் கேள்விக்கு இல்லை என்று விடை வந்ததால் விளிம்பில் மெத்தை வேண்டாம் என்று ஆகிவிடாது. ஒரு ஆளைப் பிடித்து உள்ளே போட்டிருந்தாலும், எட்டு செயின் பிளாக் ஏன் அன்று சைட்டில் இல்லை, இல்லாமல் ஏன் வேலை ஆரம்பித்தது என்ற கேள்வி அப்படியேதான் நின்றிருக்கும்.

நம் ஆட்கள் நிற்கிற இடம்

தமிழ் பேசுகிற ரிக்கர்கள் அதிகமாக இருக்கிற ஊர்களில் ஒன்று சிங்கப்பூர். ரிக்கர், சிக்னல்மேன் பயிற்சி அங்கே தமிழிலேயே கிடைக்கிறது. 2011இல் வந்த கிரேன் விதிகளின்படி லிஃப்டிங் சூப்பர்வைசர், ரிக்கர், சிக்னல்மேன் என்று மூன்று பேரையும் நியமிக்க வேண்டும், எழுத்தில் லிஃப்டிங் பிளான் வேண்டும். கட்டுவதற்கு முன் பெல்ட்டைச் சோதிப்பது, எடையை உறுதி செய்வது, கூர் விளிம்பில் மெத்தை கொடுப்பது எல்லாம் ரிக்கரின் கடமைகளாகவே எழுதியிருக்கிறது. கட்டுச் சாமான்களை 12 மாசத்துக்கு ஒரு தடவை அங்கீகரிக்கப்பட்ட பரிசோதகர் பார்க்க வேண்டும். நம் ஊரில் 2025 வரை அமலில் இருந்த தொழிற்சாலைச் சட்டம் 1948இன் 29ஆம் பிரிவும் சங்கிலி, கயிறு, தூக்கு சாமான்களை 12 மாசத்துக்கு ஒரு தடவையாவது தகுதியுள்ள நபர் முழுமையாகச் சோதிக்கச் சொன்னது.

12 மாசம் என்பது சங்கிலிக்குச் சரி. பெல்ட்டுக்கு அது ரொம்ப நீளம். ஜனவரியில் சர்டிஃபிகேட் வாங்கிய பெல்ட்டை பிப்ரவரியில் ஒரே ஒரு ஐ-பீம் விளிம்பு காலி செய்துவிடும், சர்டிஃபிகேட் மட்டும் டிசம்பர் வரை ஃபைலில் பளபளவென்று இருக்கும். நல்ல சைட்டுகளில் இதற்காகத்தான் மூன்று மாசத்துக்கு ஒரு நிறம் வைத்திருக்கிறார்கள். இந்தக் காலாண்டில் பார்த்ததற்கு ஒரு நிற டேப், அடுத்ததற்கு வேறு நிறம். தூரத்திலிருந்தே தெரியும், பழைய நிறத்தோடு யாராவது பெல்ட் தூக்கிக்கொண்டு போனால் சூப்பர்வைசர் கூப்பிட்டு நிறுத்துவார். அதுவும் போதாது, ஷிஃப்ட் ஆரம்பத்தில் கையால் ஒரு தடவை உருவிப் பார்க்க வேண்டும். இரண்டு முகத்தையும், இரண்டு ஓரத்தையும், கண் தையலையும். ஒரு பெல்ட்டுக்கு ஒரு நிமிஷம் ஆகும்.

அப்புறம் இன்னொன்று. கழித்த பெல்ட்டை முழுசாகக் குப்பையில் போடக் கூடாது. கண் இரண்டையும் அறுத்து, நடுவிலும் வெட்டித் துண்டாக்கித்தான் போட வேண்டும். முழுசாகக் கிடந்தால் அவசரத்துக்கு ஒருவர் எடுத்துக்கொண்டு போய்க் கட்டிவிடுவார். மேலே சொன்ன கண்டெய்னரில் அன்றைக்குப் பன்னிரண்டு பெல்ட்டைக் கழித்து வாசலில் குவித்து வைத்தோம். கத்தி எடுத்து வருவதற்குள் இரண்டைக் காணவில்லை.